காண்டாக்ட் லென்ஸ் பரிசோதனைக் கட்டணம்: கண்ணாடிச் சோதனையைவிட ஏன் அதிகம்?

காண்டாக்ட் லென்ஸ் பரிசோதனை என்பது, கருவிழியின் மேல் நேரடியாக அமரும் லென்ஸை ஒருவருடைய கண் தாங்குமா, தாங்குமானால் எந்த அளவு லென்ஸைத் தாங்கும் என்று கண்டறியும் சோதனையாகும். தமிழில் இந்த லென்ஸைத் தொடுவில்லை என்றும் எழுதுவர். கடைகளிலும் மருத்துவமனைகளிலும் 'லென்ஸ்' என்றே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது. கண்ணாடிக்கான வழக்கமான சோதனையைவிட இதற்குக் கூடுதல் தொகை வாங்குவது பல நாடுகளில் உள்ள நடைமுறை. அந்தக் கூடுதல் தொகை எதற்காக, அதில் எவ்வளவு நியாயம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சேலம் மாவட்டத்தின் மேற்கில், காவிரிக்கு அருகில் உள்ள விசைத்தறி நகரம் எடப்பாடி. மற்றச் சிறு நகரங்களைப் போலவே இங்கும் கடைவீதிக் கண்ணாடிக் கடைக்குப் போனால் கணினியில் பவர் பார்த்துச் சொல்வதற்குப் பெரும்பாலும் தனிக்காசு கேட்பதில்லை. அதே இடத்தில் லென்ஸ் வேண்டும் என்றால், சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ போய்ப் பார்த்து வரச் சொல்வார்கள். அங்கே சோதனைக்கு ஒரு கட்டணம், பொருத்திப் பார்க்க ஒரு கட்டணம், லென்ஸுக்கு வேறு விலை. "ஏனுங்க, கண்ணாடிக்குச் சும்மாதான பாத்தீங்க, லென்ஸுக்கு மட்டும் எதுக்குங்க தனியாக் காசு?" என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்டுவிட்டுச் சோதனை செய்துகொள்பவர்களைப் பற்றிக் கவலை இல்லை. கட்டணத்தை மிச்சப்படுத்த நினைத்து, கண்ணாடிச் சீட்டில் உள்ள எண்ணை அப்படியே இணையக் கடையில் தட்டி லென்ஸ் வரவழைத்துக்கொள்ளும் மாணவர்களை எண்ணித்தான் இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

'இலவசச் சோதனை' எப்படி இலவசமாகிறது

ஒப்பீட்டைத் தொடங்கும் இடத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடிக் கடையில் செய்யும் சோதனை இலவசம் அல்ல. அதன் செலவு ஃபிரேமின் விலைக்குள்ளும் கண்ணாடி வில்லையின் விலைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. சோதனை முடிந்து பத்துப் பேர் எழுந்தால் அவர்களில் பலர் அங்கேயே ஃபிரேம் எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பலகை தொங்குகிறது. மருத்துவமனைகளிலும் வழக்கமான கண் சோதனைக்கான கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மக்கள் உள்ளே வந்தால்தான் கண்புரையும் கண்நீர் அழுத்தமும் கண்டுபிடிக்கப்படும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டக்கூடியவர்களிடம் பெற்றதைக் கொண்டு கட்ட முடியாதவர்களுக்குச் சிகிச்சை தரும் முறையால் உலகப் புகழ் பெற்றது. அதே 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் சோதனையும் இலவசக் கண்ணாடியும் தந்தது. ஆக, கண்ணாடிச் சோதனையின் விலையை வேறு யாரோ, வேறு எதுவோ சுமக்கிறது.

லென்ஸ் சோதனைக்கு அப்படிச் சுமக்க ஆள் இல்லை. லென்ஸ் பெட்டியை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். விலை குறைந்த இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். பொருத்திப் பார்த்தவருக்கு லென்ஸ் விற்பனையில் கிடைக்கும் இலாபம் நிச்சயமில்லை. அதனால் உழைப்புக்கான கூலியை அவர் நேரடியாகவே கேட்கிறார். பார்க்கப்போனால் இரண்டில் வெளிப்படையான விலை இதுதான்.

இரண்டு சோதனைகளும் கேட்கும் கேள்விகள்

கண்ணாடிச் சோதனை கேட்பது ஒரு கேள்வி: இந்தக் கண்ணுக்கு என்ன பவர் வைத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்? ஆட்டோரிஃப்ராக்டோமீட்டர் தோராயமான எண்ணைச் சில நொடிகளில் தந்துவிடும். பிறகு சோதனைச் சட்டகத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, சரியான எண்ணை முடிவு செய்வார்கள். நல்ல இடமாக இருந்தால் ஸ்லிட் லாம்ப் என்னும் உருப்பெருக்கியில் கண்ணின் முன்பகுதியையும், வயதுக்கு ஏற்ப அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்ப்பார்கள். கண்ணாடி தவறாக அமைந்தால் தலைவலி வரும், தரை மேடு பள்ளமாகத் தெரியும். கழற்றி வைத்துவிட்டுத் திரும்பப் போய்ச் சண்டை போடலாம். கண்ணுக்குக் கேடு இல்லை.

லென்ஸ் சோதனை இந்தக் கேள்வியோடு தொடங்குகிறது. அதற்குப் பிறகு கேட்பது வேறு: இந்தக் கண் ஓர் அந்நியப் பொருளை நாளெல்லாம் தன்மேல் வைத்துக்கொண்டு நலமாக இருக்குமா?

இந்தக் கேள்வியின் கனம் புரிய, கருவிழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணின் முன்னால் இருக்கும் அந்தத் தெளிந்த படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடையின்றி உள்ளே போகாது. இரத்தம் இல்லாததால், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலத்தின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் போடுவது அந்தச் சன்னலுக்குத் திரை போடுவது. திரை மெல்லியதாக, துளை உள்ளதாக, அளவானதாக இருந்தால் கருவிழி சமாளித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மூச்சுத் திணறும்.

லென்ஸின் வரலாறு முழுவதும் இந்த மூச்சுத் திணறலோடு நடத்திய போராட்டமே. 1888இல் சூரிச்சில் அடோல்ஃப் ஃபிக் என்னும் மருத்துவர் ஊதிச் செய்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கண்ணில் பொருத்தியபோது அதைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. 1948இல் அமெரிக்கரான கெவின் டூஹி, கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைச் செய்தார். அதன் வழியே காற்று புகாது, கண் சிமிட்டும்போது ஓரத்தில் புகும் கண்ணீரை நம்பியே கண் பிழைத்தது. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில் செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, குழந்தைகள் விளையாடும் இயந்திர அடுக்குப் பெட்டியின் பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே ஒரு சுழல் கருவி செய்து, தண்ணீரை உறிஞ்சும் மென்மையான லென்ஸ்களை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்காவில் மென் லென்ஸுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆக்சிஜனைத் தாராளமாகக் கடத்தும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் 1999 வாக்கில் சந்தைக்கு வந்தது. இன்று கடையில் கிடைக்கும் லென்ஸ் இத்தனை படிகளைக் கடந்து வந்தது. ஆனாலும் எல்லாருடைய கண்ணுக்கும் பொருந்தும் ஒரே லென்ஸ் இன்னும் வரவில்லை.

சீட்டில் உள்ள எண் ஏன் போதாது

கண்ணாடி, கண்ணுக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. லென்ஸ் கண்மேலேயே இருக்கிறது. பவர் குறைவாக இருந்தால் இந்த இடைவெளியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நான்கு டயாப்டரைத் தாண்டினால் கணக்குப் போட வேண்டும். கண்ணாடியில் மைனஸ் 8 உள்ளவருக்கு லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 7.25 போதும், மைனஸ் 10 உள்ளவருக்கு மைனஸ் 9. எண்ணை அப்படியே தட்டி வாங்குபவர் தேவைக்கு மேற்பட்ட பவரைப் போட்டுக்கொண்டு, படிக்கும்போது கண் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பவர் என்பது லென்ஸின் அளவுகளில் ஒன்றுதான். உட்பக்க வளைவு எவ்வளவு, குறுக்களவு எவ்வளவு என்ற இரண்டும் கண்ணாடிச் சீட்டில் இருக்காது; இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கருவிழியின் வளைவைக் கெரடோமீட்டர் என்னும் கருவியால் அளப்பார்கள். வளைவின் ஆரம் சராசரியாக 7.8 மில்லிமீட்டர். மென் லென்ஸ்களின் உட்வளைவு பெரும்பாலும் 8.4 முதல் 8.8 வரையிலும் குறுக்களவு 14 மில்லிமீட்டரை ஒட்டியும் வரும். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்றால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். வளைவு இறுகினால் லென்ஸ் கருவிழியைக் கவ்விப் பிடித்து, கண்ணீர் ஓட்டத்தை நிறுத்தி, மாலைக்குள் கண்ணைச் சிவக்கவைக்கும். தளர்ந்தால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் நழுவிப் பார்வை ஆடும்.

சிலிண்டர் பவர் உள்ளவர்களின் பாடு இன்னும் கடினம். கண்ணாடியில் சிலிண்டரின் அச்சு ஃபிரேமோடு நிலைத்து நிற்கிறது. லென்ஸோ கண்ணில் சுற்றக்கூடியது. அதனால் டோரிக் லென்ஸின் ஓரத்தில் சிறு கோடு ஒன்று போட்டிருப்பார்கள். லென்ஸைக் கண்ணில் வைத்துச் சிறிது நேரம் கழித்து அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று ஸ்லிட் லாம்பில் பார்க்க வேண்டும். பத்துப் பாகை திரும்பி நின்றாலே, திருத்த வேண்டிய சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருத்தப்படாமல் எஞ்சிவிடும். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று பார்த்து அச்சைக் கூட்டியோ கழித்தோ வேறு லென்ஸ் போட்டு மீண்டும் பார்ப்பார்கள். ஒருவர் கண்ணில் எந்த லென்ஸ் எவ்வளவு சுற்றும் என்பதை வீட்டிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. இமையின் இறுக்கம், கண்ணின் வடிவம், லென்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன.

பொருத்திப் பார்க்கும் ஒரு மணி நேரம்

கட்டணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. முதலில் கேள்விகள். என்ன வேலை, எத்தனை மணி நேரம் அணிய வேண்டும், ஒவ்வாமை உண்டா, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்பு லென்ஸ் போட்டதுண்டா? எடப்பாடியில் இருந்து போகிறவர் தறி ஓட்டுகிறாரா, தறிக்கூடத்துக்கு மேலேயே வீடா என்பதையும் சொல்லிவிட வேண்டும், கேட்காவிட்டாலும். பருத்தி நூலிலிருந்து பறக்கும் பஞ்சு இழை லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே புகுந்தால் எடுக்கும் வரை உறுத்தும்; தேய்த்தால் கீறும்.

அடுத்தது கண்ணீர். சிறு காகிதப் பட்டையைக் கீழிமையில் ஐந்து நிமிடம் செருகி எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது ஷிர்மர் சோதனை. ஃப்ளோரெசின் என்னும் ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டுவைத்து நீல ஒளியில் பார்த்தால் கண்ணீர்ப் படலம் பச்சையாக ஒளிரும். சிமிட்டாமல் இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள். பத்து நொடிக்குள் உடைந்தால் லென்ஸ் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துவது சிரமம். சித்திரை வெயிலில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கும் கண்ணுக்கு இது இன்னும் வேகமாக உடையும். அந்தச் சாயமே கருவிழியில் உள்ள கீறல்களையும் காட்டிக்கொடுக்கும். பிறகு மேல் இமையைத் திருப்பி உட்புறத்தைப் பார்ப்பார்கள்; அங்கே சொரசொரப்பான புடைப்புகள் இருந்தால் ஒவ்வாமை என்று பொருள், அதைக் குணப்படுத்தாமல் லென்ஸ் தர மாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் சோதனை லென்ஸ் கண்ணுக்குள் போகிறது. வைத்த உடனே கண்ணீர் பெருகும், அந்த நிலையில் பார்ப்பது பயனில்லை. மென் லென்ஸ் என்றால் கால் மணி நேரமாவது உட்காரவைத்து, கண்ணீர் அடங்கிய பின் லென்ஸ் நடுவில் நிற்கிறதா, சிமிட்டும்போது அளவாக அசைகிறதா, கீழிமையால் மெல்லத் தள்ளினால் நகர்ந்து திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். கடின லென்ஸுக்குக் காத்திருப்பு இன்னும் நீளும். சரியில்லை என்றால் வேறொன்று. பிரித்த மென் லென்ஸை அடுத்தவர் கண்ணுக்குப் போட முடியாது, குப்பைக்குத்தான் போகும். கடின லென்ஸ் சோதனைத் தொகுப்பை ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்து வைக்க வேண்டும். இவையும் கட்டணத்தில் சேரும்.

கடைசியாக, போடவும் எடுக்கவும் கற்றுத் தருவது. கேட்க எளிது. தன் விரலால் தன் கண்ணைத் தொடத் துணிவது எளிதல்ல. முதல் முறை வருபவர்களில் சிலர் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள், சிலருக்கு ஒரு மணி நேரமும் போதாது. லென்ஸ் உள்வெளி புரண்டிருக்கிறதா என்று விரல் நுனியில் வைத்துப் பார்ப்பது, கை கழுவுவது, உள்ளங்கையில் கரைசல் விட்டுத் தேய்ப்பது, டப்பாவைக் காயவைப்பது என்று எல்லாம் செய்து காட்டி, அவர்களையும் செய்யவைக்க வேண்டும். தானே எடுக்கத் தெரியாதவரை லென்ஸோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்தப் பயிற்சியை அவசரமாக முடிக்கும் இடத்தில் கட்டணம் குறைவாக இருந்தாலும் அது மலிவு ஆகாது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

ஒரு வாரத்தில், பிறகு ஒரு மாதத்தில் மறுபரிசோதனை உண்டு. பல இடங்களில் முதல் கட்டணத்திலேயே இவை அடங்கும். ஆக்சிஜன் குறைந்த கருவிழியில் ஓரத்திலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்நோக்கி வளரத் தொடங்கும். வலி இராது, பார்வையும் மங்காது. ஸ்லிட் லாம்பில்தான் தெரியும். 'நல்லாத்தானே இருக்கு' என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக ஓர் அறை, கருவி, ஆள் எல்லாம் சேர்த்து மணிக்கு 600 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், கால் மணி நேரக் கண்ணாடிச் சோதனைக்கு அடக்கம் 150 ரூபாய். முதல் நாள் ஒரு மணி நேரமும் இரண்டு மறுபரிசோதனைக்குக் கால் மணி நேரமும் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம், அடக்கம் 900 ரூபாய். உண்மை விலை ஊருக்கு ஊர் மாறும். ஆறு மடங்கு நேரம் என்ற விகிதத்தைத்தான் கவனிக்க வேண்டும். மருத்துவமனைகள் பெரும்பாலும் ஆறு மடங்கு வாங்குவதில்லை.

கருவிழிப் புண்ணும் நம் ஊரும்

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் கருவிழிப் புண். கிருமி புகுந்து கருவிழி அழுகி, ஆறினாலும் வெள்ளைத் தழும்பாக நிற்கும். கிராமத்தில் 'கண்ணுல பூ விழுந்துடுச்சு' என்பார்கள். தழும்பு நடுவில் விழுந்தால் கருவிழி மாற்று அறுவைதான் வழி.

1996இல் வெளியான ஓர் ஆய்வு, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக மதிப்பிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஆம்ஸ்டெட் கவுண்டியில் 1980களில் இது 11தான். இந்த இரண்டு எண்களுக்குப் பின்னாலும் வெவ்வேறு கதைகள் இருக்கின்றன. ஆம்ஸ்டெட்டில் 1950களில் 2.5ஆக இருந்தது 11ஆக உயர்ந்ததற்கு முதன்மையான காரணம் லென்ஸ் அணியும் பழக்கம். மதுரையில் லென்ஸுக்கு அதில் பங்கு மிகச் சிறிது. நெல் தாள், கரும்புத் தோகை, மண், மாட்டு வால் எனக் கண்ணில் பட்ட காயங்களே காரணம். 1994இல் அரவிந்த் மருத்துவமனைக்கு மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது; கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாதியளவு பேருக்குப் பூஞ்சைத் தொற்று. பூஞ்சைப் புண் மருந்துக்கு மெதுவாகவே அடங்கும்.

மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாய்ப் பாசனமும் கரும்பும் நெல்லும் உள்ள எடப்பாடிப் பகுதியின் வாழ்க்கை இந்த மதுரைச் சித்திரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை. மண்ணிலும் பயிரிலும் பூஞ்சை நிறைந்த ஊரில், அளவு தவறிய லென்ஸால் கருவிழியில் ஒரு சிறு கீறல் விழுந்தால் கிருமிக்கு வாசல் திறந்தாயிற்று.

லென்ஸ் அணிவோருக்கு ஆபத்து எவ்வளவு என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 1989இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் செய்த ஆய்வில், மென் லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு 4 பேருக்கும், இரவிலும் கழற்றாமல் அணியும் வகை லென்ஸ் அணிந்தவர்களில் 21 பேருக்கும் கருவிழிப் புண் வந்தது. பகலில் அணிந்து இரவில் கழற்றுபவருக்கு ஆபத்து சிறிதே. தூங்கினால் ஐந்து மடங்கு. அதிக ஆக்சிஜன் கடத்தும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வந்தால் இது தீரும் என்று எதிர்பார்த்தார்கள். 2008இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் அதை அணிந்து தூங்கியவர்களிடமும் ஆபத்து குறையவில்லை. 2006இல் சிங்கப்பூர், ஆங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் அணிந்தவர்களிடையே ஃபியூசேரியம் என்னும் பூஞ்சைத் தொற்று பரவியபோது, பாஷ் அண்டு லாம் நிறுவனம் தன் லென்ஸ் கரைசல்களில் ஒன்றை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. எந்தக் கரைசல், அதை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதும் லென்ஸ் சோதனையில் பேசப்படுவது வீண் பேச்சு அல்ல.

தண்ணீர் தனிக்கதை. அகாந்தமீபா என்னும் ஓரணு உயிரி குழாய்த் தண்ணீரிலும் தொட்டியிலும் குளத்திலும் வாழ்கிறது. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதும், அணிந்துகொண்டு பூலாம்பட்டி ஆற்றில் குளிப்பதும் அதைக் கண்ணுக்கு அழைத்து வருவதே. இந்தத் தொற்றுக்கு மாதக்கணக்கில் மருந்து விட வேண்டிவரும்.

சில கண்களுக்குக் கட்டணம் இன்னும் கூடும்

கெரடோகோனஸ் என்பது கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்தள்ளும் நோய். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்றியும் தெளிவு வராமல் அலையும் மாணவர்களில் சிலருக்கு இது இருக்கும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இதை மோசமாக்குகிறது. கண்ணாடியோ சாதாரண மென் லென்ஸோ இதற்குப் போதாது. காற்றுக் கடத்தும் கடின லென்ஸோ, வெள்ளைவிழியின் மேல் ஊன்றிக் கருவிழியைத் தொடாமல் நிற்கும் ஸ்கிளீரல் லென்ஸோ வேண்டும். கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகச் செய்யச் சொல்லி, வந்த பின் திருத்தி, மறுபடி செய்யச் சொல்வார்கள். நான்கைந்து முறை போக வேண்டிவரலாம். இதற்கான கட்டணத்தைக் கல்யாணத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்று லென்ஸ் போடுபவரின் கட்டணத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. இங்கே லென்ஸ், அறுவைக்கு மாற்றாக நிற்கும் சிகிச்சை. பல லென்ஸ் சோதனைகளின்போதுதான் இந்த நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளில்

கட்டணத்தைப் பிரித்து வாங்குவது நம் ஊர்த் தந்திரம் அல்ல. ஸ்காட்லாந்தில் 2006 முதல் அனைவருக்கும் கண் சோதனை அரசுச் செலவில் நடக்கிறது. லென்ஸ் பொருத்துவது அதில் அடங்காது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். அமெரிக்காவிலும் கண் சோதனைக் கட்டணம் வேறு, லென்ஸ் பொருத்தும் கட்டணம் வேறு. ஆனால் அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருத்தி முடித்ததும் கேட்காமலே லென்ஸ் சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பெட்டியை எங்கே வாங்குவது என்பது அணிபவரின் விருப்பம். 2005 முதல் அழகுக்காக மட்டும் போடும் வண்ண லென்ஸும் அங்கே மருத்துவச் சாதனம்தான், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியாவில் மருத்துவச் சாதன விதிகள் 2017இல் வந்தன. ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளை உள்ளடக்கிய துணைநிலைச் சுகாதாரப் பணியாளர் சட்டம் 2021இல் நிறைவேறியது. ஆயினும், திருமண அலங்காரத்துக்கு வண்ண லென்ஸை எந்தச் சோதனையும் இல்லாமல் வாங்கிப் போடுவதும், ஒரே லென்ஸை இருவர் மாற்றிப் போடுவதும் நடக்கிறது. பவர் இல்லாத லென்ஸுக்கும் வளைவும் குறுக்களவும் உண்டு. கிருமிக்குப் பவர் ஒரு பொருட்டே இல்லை.

கட்டணத்தில் எதைக் கேள்வி கேட்கலாம்

கூடுதல் கட்டணம் நியாயம் என்பதால் வாங்கப்படும் எல்லாத் தொகையும் நியாயம் ஆகிவிடாது. ஆண்டுதோறும் அதே லென்ஸைத் தொடர்பவருக்கு முதல் நாள் அளவுக்குப் பொருத்தும் கட்டணம் மீண்டும் வாங்கினால் காரணம் கேட்கலாம். கண்ணை ஸ்லிட் லாம்பில் பார்க்காமல், சோதனை லென்ஸ் போடாமல், கண்ணாடி எண்ணை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு லென்ஸ் சோதனை என்று வாங்கினால் அது வாங்கக் கூடாத பணம். சீட்டைத் தராமல், தங்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் சரியல்ல. சீட்டில் இரு கண்ணுக்கும் பவர், உட்வளைவு, குறுக்களவு, லென்ஸின் பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

போகும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது: கட்டணத்தில் சோதனை லென்ஸ் சேருமா, பயிற்சி சேருமா, எத்தனை மறுபரிசோதனை சேரும், பொருந்தாவிட்டால் என்ன செய்வீர்கள்? எடப்பாடியிலிருந்து போகிறவருக்கு மருத்துவமனைக் கட்டணத்தைவிட வேறொரு செலவு பெரியது. ஒவ்வொரு முறையும் பேருந்துக் காசும், தறி ஓட்டாத நாளின் கூலியும் போகும். வாரக்கூலி வாங்குபவருக்கு மூன்று நாள் என்பது சின்னக் கணக்கு அல்ல. இதை வெளிப்படையாகச் சொன்னால் மறுபரிசோதனையை விடுமுறை நாளுக்குத் தள்ளித் தருவார்கள். லென்ஸ் வேண்டாம், இந்த வேலைக்குக் கண்ணாடியே மேல் என்று சொல்லும் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் உண்டு. அப்படிச் சொல்லிவிட்டுச் சோதனைக் கட்டணம் வாங்கினால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் நாளெல்லாம் பஞ்சு பறக்கும் இடத்தில் நிற்பவருக்கு அந்தச் சோதனையிலிருந்து கிடைக்கக்கூடிய பயனுள்ள விடை அதுவாகவே இருக்கலாம்.

மறுபரிசோதனைக்கு வரும்போது லென்ஸைக் கையில் கொண்டுவராமல் கண்ணில் அணிந்தே வர வேண்டும், அணிந்து மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் அது இறுகுகிறதா, கண் வறள்கிறதா என்பது தெரியும். காலை ஆறரைக்கு மாட்டிக்கொண்டு சேலம் பேருந்து ஏறினால், சோதனை நாற்காலியில் உட்காரும்போது கணக்குச் சரியாக வரும். லென்ஸ் டப்பாவும் கரைசலும் பழைய கண்ணாடியும் பையில் இருக்கட்டும். கண் சிவந்திருந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால் அன்று லென்ஸைப் போடவே கூடாது, கழற்றிய நிலையிலேயே உடனே போய்க் காட்ட வேண்டும்.